மார்னியின் உயரம்

தென்கோளத்தில் டிசம்பர்தான் கோடை, அது பிறந்தால் எங்கள் ஊரில் வெயில் நாற்பத்து மூன்று டிகிரியைத் தொடும். ஆசிரியர்களின் இரத்த அழுத்தம் அதை முந்திக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தலைமை ஆசிரியர் டேமியன் மனநல வாரம் வைப்பார். மாணவர் அறிக்கைகளை முடித்துக் கொடுக்கவும் அதே வாரம்தான் கடைசி. ஆழமாக மூச்சை இழுங்கள் என்று காலையில் ஒரு மின்னஞ்சல் வரும். அறிக்கை என்னவாயிற்று என்று மதியம் இன்னொன்று வரும். காலையில் இழுத்ததை மதியம் விட்டுக்கொள்ளலாம்.

இந்த வருடம் கூடுதலாக ஒரு கண்ணாடி ஜாடி. எதற்கெல்லாம் நன்றியோடு இருக்கிறோம் என்று சீட்டு எழுதி அதில் போட வேண்டும். மூன்று நாளில் இரண்டு சீட்டு விழுந்தன. ஒன்று டேமியனே போட்டது. மற்றதில் "ஏசி" என்று மட்டும் இருந்தது. அது என் சக ஆசிரியை நோலீன் டக்வெல்லின் கையெழுத்து.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் உண்டு, மணி உண்டு, பெஞ்சுதான் கிடையாது. பிள்ளைகள் முந்நூறு, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி மாட்டுப் பண்ணைகளில் இருக்கிறார்கள். அவரவர் வீட்டுச் சமையலறையில் கணினித் திரைக்கு முன்னால் உட்காருவார்கள். நோலீன் இங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை பதினான்கு பேருக்குப் பாடம் நடத்துவார். நான் அடுத்த கண்ணாடி அறை. இருபது வருடமாக அவர் இருமினால் எனக்குத் தெரியும்.

வருடத்தின் கடைசி வாரத்தில் குடும்பங்கள் எல்லாம் ஊருக்கு வந்து, பொருட்காட்சி மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கும். வியாழக்கிழமை கலைநிகழ்ச்சி. அப்போதுதான் யார் எவ்வளவு உயரம் என்ற உண்மை எங்களுக்கு வெளிப்படும். திரை பெரிய பொய்யன். ஹேமிஷ் என்று ஒரு பையன், கேமராவில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்காருகிறவன். காளை மாதிரி இருப்பான் என்று நினைத்திருந்தோம். காரிலிருந்து இறங்கினால் நோலீனின் தோள் உயரம்கூட இல்லை.

"அடப்பாவி, மீதியை எங்கடா வச்சுட்டு வந்தே?" என்றார் நோலீன்.

"அடுத்த வருஷம் வரும்னு அம்மா சொன்னாங்க மிஸ்."

நோலீனின் பதினான்கு பேரில் மார்னி மட்டும் வந்ததே இல்லை. மூன்றாம் வகுப்பில் அவளுடைய அப்பா குதிரையிலிருந்து விழுந்தார். நான்காம் வகுப்பில் ஆறு பெருகியது. ஐந்தாம் வகுப்பில், கிளம்ப வேண்டிய நாளில் மாடுகளை ஏற்ற லாரிகள் வந்து நின்றன. இப்போது ஆறாம் வகுப்பு. பிப்ரவரியில் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரை நகரத்து விடுதிப் பள்ளிக்குப் போய்விடுவாள். நோலீன் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த வாரம்தான்.

திங்கட்கிழமை டேமியன் கண்ணாடிக் கதவைத் தட்டினார். நோலீனைவிட இருபத்தைந்து வயது இளையவர், நல்ல பிள்ளை. பதவி அப்படி.

"நோலீன், பதிமூணு அறிக்கை வந்துடுச்சு. பதினாலாவது?"

"மார்னியோடது. அவ வந்ததும் எழுதறேன்."

"நேர்ல பாத்துட்டுத்தான் எழுதணும்னு விதி ஒண்ணும் இல்லையே. நாலு வருஷமா சொல்லிக் குடுக்கறீங்க."

"தோள்பட்டை வரைக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன் டேமியன். கீழ என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது."

"கம்ப்யூட்டர்லயே வாக்கியமெல்லாம் ரெடியா இருக்கு. 'ஆர்வத்துடன் பங்கேற்கிறார்' அப்படின்னு ஒண்ணைப் போட்டு விட்டுடுங்களேன்."

"அதை ஹேமிஷுக்குப் போட்டுட்டேன். வகுப்பு நேரத்துல முழுசா ஒரு ஆரஞ்சு தின்னான், ஆர்வமாத்தான் தின்னான்."

டேமியன் பெருமூச்சு விட்டார். "மூச்சுப் பயிற்சிக்கு வந்தீங்களா இன்னிக்கு?"

"வந்தேன். உள்ள இழுத்தேன். அதுக்குள்ள லேமினேட்டர்ல காகிதம் சிக்கிடுச்சுன்னு கூப்பிட்டாங்க. இன்னும் வெளிய விடல."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கணினி தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். நோலீன் அந்தப் பதினான்காவது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர், வகுப்பு, கீழே வெள்ளையாக ஒரு கட்டம். செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

புதன்கிழமை காலை மார்னியின் அம்மா ஷெல்லி போன் செய்தார். நோலீன் கையில் கத்தரிக்கோல் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"நோலீன், ராத்திரி மேல எங்கயோ பெஞ்சிருக்கு. ஆறு ஏறிடுச்சு."

"எவ்வளவு?"

"பாலமே கண்ணுக்குத் தெரியல. பெட்டியெல்லாம் கார்ல ஏத்தியாச்சு. இவ ரெண்டு மணி நேரமா கார்லயே உக்காந்திருக்கா, இறங்க மாட்டேங்கறா."

"எப்ப வடியும்?"

"ஞாயித்துக்கிழமை ஆகும்னு இவர் சொல்றாரு."

"நாளைக்கு நிகழ்ச்சி, ஷெல்லி."

"தெரியும் நோலீன்."

நோலீன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் போனை அணைத்தார்.

பிறகு வெளியே போய்க் கார் நிறுத்துமிடத்தில் நின்று, மார்னியின் பண்ணை இருக்கும் வடக்கே பார்த்தார். எங்கள் வானத்தில் துணுக்கு மேகம் இல்லை. எங்கள் பக்கம் ஆறு வருடமாக வறட்சி. மாதா கோயிலில், மதுக்கடையில், கால்நடை மருத்துவரின் வாசலில், எல்லா இடத்திலும் மழைக்காக வேண்டிக்கொள்கிற ஊர் இது. இங்கே மழையைத் திட்டுகிறவர் சத்தமில்லாமல்தான் திட்ட வேண்டும். நோலீன் உதடு மட்டும் அசைந்தது.

வியாழக்கிழமை நிகழ்ச்சி நடந்தது. கடல் பற்றிய நாடகம். கடலுக்கும் எங்களுக்கும் ஆயிரம் கிலோமீட்டர். மார்னி போட வேண்டிய பெலிக்கன் பறவை வேஷத்தை டேமியன் போட்டார். எல்லோரும் சிரித்தோம், நோலீனும் சிரித்தார். ஐஸ் பெட்டியிலிருந்து இறால் வந்தது. வெயிலில் க்ரீம் பூசிய பாவ்லோவா கேக் உருகி வழிந்தது. வாசலில் ஒவ்வொரு கார் வந்து நின்றபோதும் நோலீன் திரும்பிப் பார்த்தார். பாலம் மூழ்கிய செய்தி அவருக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியவில்லை.

வெள்ளி, பதினொன்றரை மணி. வர முடியாத மார்னிக்காகப் பத்து நிமிட இணைப்பு. விடைபெறும் வகுப்பு என்று அதற்குப் பெயர்.

"மிஸ், கேக்குதா?"

"கேக்குது கண்ணு. கார்ல எவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?"

"பேட்டரி தீர்ற வரைக்கும். ரேடியோ போட்டிருந்தேன். அப்பா திட்டினாரு." சற்று நிறுத்தி, "பெலிக்கன் யாரு மிஸ்?"

"டேமியன்."

"நல்லா நடிச்சாரா?"

"நின்னாரு."

சிரிப்பு வந்து, அடங்கியது. நோலீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மார்னி, எந்திரி" என்றார் திடீரென்று.

"எதுக்கு மிஸ்?"

"எந்திரியேன். நாற்காலியைத் தள்ளிட்டு அப்படியே பின்னால போ."

எங்கள் பள்ளியில் இப்படி யாரும் சொன்னதில்லை. மைக்கில் குரல் விழவில்லை, கிட்ட வா, இன்னும் கிட்ட வா. நாள் முழுக்க நாங்கள் சொல்வது அதுதான். நான்கு வருடத்தில் ஒரு தடவை பின்னால் போகச் சொல்லியிருந்தால் போதும். எங்கள் ஒருத்தர் மூளையிலும் அது உதிக்கவில்லை.

முகம் மேலே போய் மறைந்தது. சட்டை தெரிந்தது, பெல்ட் தெரிந்தது. ஓரடி, இன்னும் ஓரடி. சமையலறை விரிந்தது. மேஜை, ஃபிரிட்ஜ், அதன் பக்கத்தில் மார்னி. வெறுங்கால், முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு, எங்கே வைப்பது என்று தெரியாத நீளக் கைகள். தலை ஃபிரிட்ஜின் உச்சிக்கு நான்கு விரல் கீழே இருந்தது. நோலீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவள் ஏதோ பேசினாள். அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு சொல்லும் மைக்கில் விழவில்லை. உதடுகள் வெகுநேரம் அசைந்தன. நடுவில் சிரித்தாள். கடைசியில் சிரிப்பில்லை. கிட்ட வா என்று சொல்ல நோலீனின் விரல் பொத்தான் வரை போனது. அழுத்தவில்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். அவரும் பின்னால் நடந்து, கண்ணாடிச் சுவரில் முதுகு படும்வரை போய் நின்றார். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மார்னி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளங்கையைத் தட்டையாக்கித் தன் தோளில் வைத்துக் காட்டினாள். இவ்வளவுதானா நீங்கள்? நோலீன் ஆமாம் என்று தலையாட்டினார்.

பத்து நிமிடம் முடிந்ததும் இணைப்பு தானாக அறுந்தது.

டேமியன் மெதுவாகக் கதவைத் திறந்தார். மணி பதினொன்று நாற்பது.

"நோலீன், அந்தப் பதினாலாவது..."

"எழுதறேன்." சுவரைவிட்டு அவர் நகரவில்லை. "கொஞ்சம் பொறு டேமியன். இப்பதான் வந்துட்டுக் கிளம்பிப் போறா."