மேலே வைத்த கொப்பி

எனக்கு வழிகாட்டியவரின் முறையை நானே பறித்துக்கொண்டால் அதற்கு என்ன பெயர்?

சுனாமிக்குப் பின், கல்முனைக்குடிக்குக் குடிவந்த புதிதில், உம்மாவை அரசாங்க ஆஸ்பத்திரியின் இருதயக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். ஒழுங்கு தெரியாமல் வரிசை தேடிய என்னிடம் ஒரு மீனவப் பெண் சொன்னார்: "தம்பி, ஆள் நிண்டு சரிவராது. கிளினிக் கொப்பிய அந்த அடுக்கில வைக்கணும், அந்த வரிசையிலதான் கூப்பிடுவாங்க, தாங்க. இவருக்கும் மருந்து முடிஞ்சு ரெண்டு நாள்." பக்கத்தில் இருந்த தன் கணவரின் கொப்பிக்கு அடியில் எங்களுடையதை வைத்தார்.

அவர்களின் முறை வந்தபோது, என்னோடு படித்த ஊழியர், "மச்சான், நீயா?" என்று எங்கள் கொப்பியை உருவி மேலே வைத்தார். சமூகநீதி பற்றி மேடைகளில் பேசிய நான் உம்மாவை உள்ளே அழைத்துப் போனேன்.

உம்மாவைப் பார்த்ததும் டொக்டர் அவசரமாக வார்டுக்குப் போய்விட்டார். மிச்சப் பேரை அடுத்த கிழமை வரச் சொன்னார்கள்.

"உங்கட கொப்பிய நான்தானே தம்பி வச்சன்?" என்றார் அந்தப் பெண்.

இப்போது எவர் முன்னே அழைத்தாலும், எங்களுக்கு முன் வந்தவர் உள்ளே போன பிறகே நான் எழுகிறேன்.