மடுல்கெல்லையில் வரிசை மாறிய ஆறு காசுகள்

சென்ற மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மடுல்கெல்லைக்குப் போனேன். பழைய இலங்கைக் காசுகளைப் பற்றி நான் இங்கே எழுதுவதைப் படித்துவிட்டு, கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்யும் மகேஸ்வரி என்ற பெண் கேட்டிருந்தாள். அவளுடைய அம்மா பாக்கியத்துக்குத் தேயிலைத் தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி, காணி கிடைத்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில் இருந்தவர். பழைய தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறதென்று பார்க்க வந்தவர்களின் உலோகம் தேடும் கருவி, அந்தக் காணியில் குழாயைக் காட்டாமல் ஆறு செப்புச் சதக் காசுகளைக் காட்டியதாம். எந்தக் காலத்தவை என்று சொல்ல முடியுமா? முடியும் என்று பதில் போட எனக்குச் சில நாட்கள் பிடித்தன. போய் நின்று விழிப்பேனோ என்ற பயம்தான்.

கண்டியில் காலை 7.10 பஸ். வத்தேகம, பன்வில வழியாக ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்; ஒன்றே முக்கால் மணி நேரம்; 130 ரூபாய். அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர், முச்சக்கர வண்டிக்கு 500 ரூபாய்.

"பாக்கியம் அக்காட புதையல் பாக்கவா சேர்?" என்றார் ஓட்டுநர். "எனக்கும் ஒரு பங்கு தாங்க, டயர் மாத்த இருக்கு."

"ஆறு செப்புச் சதம் தம்பி."

"அப்ப வாடகைய மட்டும் தாங்க, போதும்."

வீட்டுக்காக இயந்திரம் சரிவை நாலடி இறக்கியிருந்தது; குழாய் தேடியது அதற்குப் பிறகு. அத்திவாரத்துக்கு நீல நைலோன் கயிறு கட்டியிருந்தார்கள். காசு கிடைத்த ஒவ்வொரு இடத்திலும் பாக்கியம் ஒரு கொய்யாக் குச்சி நட்டு, அதன் அடியிலேயே காசைக் கடதாசியில் மடித்து வைத்திருந்தார். "எடுத்த எடத்துலயே இருக்கட்டும்னு வச்சேங்க." மகேஸ்வரி எனக்குக் கதிரையும் தேநீரும் கொண்டுவந்தாள். நானே போய் ஆறையும் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

தேய்ந்த காசைச் சுரண்டக்கூடாது. தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் மண்ணை மட்டும் எடுத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். அப்போது ஒரு பக்கத்தில் தாளிப்பனை நிழல்போல எழும், மறுபக்கத்தில் தலை. முகம் அழிந்திருந்தாலும் அது பார்க்கும் திசை தெரியும். இடப்பக்கம் பார்த்து, பிடரியில் கொண்டை இருந்தால் விக்டோரியா ராணி. வலப்பக்கம் பார்த்தால் அவர் மகன் எட்வேர்ட். இடப்பக்கம் பார்த்து, கிரீடமும் தாடியும் இருந்தால் பேரன், ஐந்தாம் ஜோர்ஜ். வருடம் ஒன்றிலும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அது அச்சடித்த வருடம்தான். மண்ணுக்குள் போனது எப்போது என்று சொல்லாது. புதிதில் 4.7 கிராம் இருக்கும் சதம், இங்கே ஒன்று 3.9 தான் இருந்தது. எத்தனையோ கைகள் பட்டுத் தேய்ந்தது.

ராணி இரண்டு, மகன் ஒன்று, பேரன் மூன்று என்று வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். பிழையில்லாமல் செய்துவிட்டேன் என்று சற்று நிம்மதியாகக்கூட இருந்தது.

அதன் பிறகுதான் நிமிர்ந்து குச்சிகளைப் பார்த்தேன். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று, எல்லாம் ஒரே இடைவெளி. விழுந்த பணப்பை என்றால் காசுகள் ஒரே இடத்தில் கிடந்திருக்கும். தேநீரைக் குடித்து முடித்தேன்.

"யாரு தொலைச்சதுங்க ஐயா?" என்றார் பாக்கியம்.

"துலைச்சதெண்டு எனக்குப் படேல்லை அம்மா. பிழையாயும் இருக்கலாம்... உங்கட ஆக்கள் செத்தவைக்கு நெத்தியில காசு வைக்கிறவையோ?"

"வைப்போம். நெத்திக்காச எடுக்க மாட்டோம், அப்படியே பொதைச்சிருவோம்." சொல்லிக்கொண்டே குச்சிகளின் பக்கம் திரும்பியவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த மலை மண் எலும்பை விட்டுவைப்பதில்லை. செம்பை மட்டும் பச்சை பிடித்தபடி விட்டுவைத்திருக்கிறது.

"பழைய லயத்து ஆளுங்க," என்றார் மெதுவாக. "எங்க பொதைச்சாங்கன்னு கேட்டா, மேல தேயில போட்டுட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க."

"தெரியாத மாதிரி கட்டிரலாம்மா," என்றாள் மகேஸ்வரி. அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். "அடுத்த காணி லிஸ்ட் எப்ப வருமோ."

"அவங்க தலமாட்டுல அடுப்பு வச்சுச் சோறாக்கவாடி?"

பிறகு என்னிடம் கையை நீட்டினார். "எந்தக் காசு எந்தக் குச்சியோடதுங்க? அவங்கவங்களுக்கே குடுத்துர்றேன்."

துணியைப் பார்த்தேன். அங்கே இருந்தது ராஜாக்களின் வரிசை. காசுகளைச் சுற்றியிருந்த கடதாசிகளை ஒரு குவியலாகக் கதிரையின் கீழே போட்டிருந்தேன்.

"எனக்குத் தெரியேல்லை அம்மா. கலந்துபோட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் துணியிலிருந்து காசுகளை அள்ளிக்கொண்டார். "பரவால்லங்க ஐயா. ஒரே லயத்துல இருந்தவங்கதானே. அவங்களுக்குள்ள மாத்திக்கிருவாங்க."

கையாலேயே மண்ணைத் தோண்டி, குச்சிக்கு ஒன்றாகப் புதைத்தார். பிறகு நீலக் கயிற்றை அவிழ்த்து, முழங்கையில் சுற்றிச் சுற்றி மகளிடம் கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: மழை பெய்திருந்தால், அட்டைகள் ஏறாமல் காலில் பூசச் சவர்க்காரம் கொண்டு போங்கள். திரும்பும் பஸ்ஸை மாலை நான்கரைக்குள் பிடித்துவிடுங்கள். அனுமதியில்லாமல் கருவியோடு தேடப் போகாதீர்கள், அது குற்றம். மகேஸ்வரி மறுநாளே கிராம சேவகரிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேறு காணி கேட்டிருக்கிறாள். இதை எழுதும்வரை பதில் இல்லை. பாக்கியம் இன்னும் அதே லயத்து அறையில்தான் இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. காசு ஏதும் கைக்கு வந்தால், கழுவுவதற்கு முன், நிறுப்பதற்கு முன், அது கிடந்த இடத்தை அதன் உறைமேல் எழுதுங்கள். எந்த ராஜா என்பதை யாரும் பிறகு பார்த்துச் சொல்லிவிடலாம்.