கிணற்றடிக் கக்கூசு

நான் இப்போது வாழும் டூங்கபியில், பூங்காவில் பேரனின் ஊஞ்சல் கிரீச்சிட்டது. எழுபதுகளில், சாம்பியாவில் நாங்கள் இருந்த கிராமத்துக் கைப்பம்பும் இப்படித்தான் கிரீச்சிடும்.

அங்கே அப்பா ஆசிரியர். கழுவத் தண்ணீர் கிட்டத்தில் இருக்க வேண்டுமென்று ஊர்க் கிணற்றடியிலேயே கக்கூசுக் குழி வெட்டினார். அந்த ஊர்க்காரியான பக்கத்து வீட்டு மேரி, குழி கிணற்றுக்குள் கசியும், வேண்டாமென்று தடுத்தாள்.

“இந்த ஊர் ஆக்களுக்கென்ன தெரியும்,” என்றார் அப்பா அம்மாவிடம்.

மழை பெய்தது. கிணற்றுத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அதைக் குடித்து, வயிற்றோட்டத்தில் என் தங்கையும் மேரியின் இரண்டு பிள்ளைகளும் செத்தார்கள்.

அடுத்த வருடம் தூரத்து மேட்டில் ஆழமாகத் துளையிட்டுக் கைப்பம்பு வைத்தார்கள். பிறகு எந்தப் பிள்ளையும் அப்படிச் சாகவில்லை. மேரி எங்கள் வாளியையும் நிரப்பித் தருவாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

பேரன் பூங்காக் குழாயில் வாய் வைத்துக் குடித்தான். கக்கூசு எங்கே இருக்கிறது என்று என் கண் தேடியது.