துலுக்கானத்தின் ஐந்து தட்டு

நாற்காலியை முழங்காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் துலுக்கானம் முதலில் செய்வது, கீபோர்டில் ஷிப்ட் விசையை ஆள்காட்டி விரலால் ஐந்து முறை தட்டுவது. அவசரமும் இல்லை, நிதானமும் இல்லை. தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. ஐந்தாவது தட்டுக்கு கம்ப்யூட்டருக்குள்ளிருந்து படியேறிப் போவதுபோல் ஒரு சத்தம் எழும். "முழிச்சிகிச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் அன்றைய முதல் டெலிவரி சலானைக் கையில் எடுப்பார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லாரிகளுக்குத் தகட்டுச் சாமான்கள் அடித்து அனுப்பும் நடுத்தரமான கம்பெனி ஒன்றில் அவர் டெஸ்பாட்ச் குமாஸ்தா. வயது நாற்பத்து மூன்று. முத்தாபுதுப்பேட்டையில் வீடு. ஆவடி வரை பஸ், அங்கிருந்து பட்டரவாக்கம் வரை மின்சார ரயில். ரயிலில் கம்பியைப் பிடிக்க மாட்டார்; கதவோரத் தடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். ஏனென்றால் வலக்கையில் உள்ளங்கை மட்டும்தான் உண்டு, விரல்கள் இல்லை. இடக்கையில் ஆள்காட்டி விரலும், பாதி மடங்கிய ஒரு கட்டைவிரலும் மிச்சம்.

அந்த ஒன்றரை விரலை வைத்துக்கொண்டு அவர் உலகத்தைச் சமாளிக்கிற விதங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். டீ கிளாசை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஏந்தி, கும்பிடுகிற வாக்கில் குடிப்பார். சட்டைகளில் பட்டனை எல்லாம் எடுத்துவிட்டு டிச் பட்டன் தைத்துக் கொடுத்திருக்கிறார் மனைவி ஜெகதாம்பாள். நெஞ்சில் ஒரு தட்டு தட்டினால் போதும், மாட்டிக்கொள்ளும். சலான் கட்டைப் பிரிக்க வாயால் ஊதுவார். மூன்று காகிதம் சேர்ந்து வந்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும், காகிதத்தின் மேல்தான்.

இன்னொரு கோபமும் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பிரிவு ரகுநாதன் வந்து அதே கம்ப்யூட்டரில் விற்பனை வரிப் படிவம் அடிப்பார். பத்து விரல்காரர், ஷிப்ட்டையும் எழுத்தையும் ஒன்றாக அழுத்துவார். அழுத்திய உடனே ஐந்து தட்டில் முழித்துக்கொண்டது அணைந்துபோகும், சத்தம் படியிறங்கும். "ரெண்ட ஒண்ணா அமுக்காத சார், அதுக்குப் புடிக்காது" என்பார் துலுக்கானம். ரகுநாதன் சிரிப்பார். அவர் எழுந்து போன பிறகு மறுபடியும் ஐந்து தட்டு.

விரல் போனது எண்பத்து நாலில், இதே கம்பெனியின் பழைய ஷெட்டில். காலால் மிதிக்கும் பவர் பிரஸ்; இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும் புது வகை அல்ல. இரண்டு கையாலும் தகட்டை உள்ளே வைத்துச் சரி பண்ணும்போது மிதி தானாக இறங்கி, மேலிருந்த அச்சு கைமேல் விழுந்துவிட்டது. ஆறு மாதம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தவரை முதலாளி கைவிடவில்லை. கேட்டில் உட்கார வைத்தார், வருகிறவர் போகிறவர் பேரை எழுதச் சொல்லி. அந்த ஒன்றரை விரலில் பேனா பிடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். ஆனால் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கையைப் பார்த்துவிட்டு, எட்டணாவை நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனசில்தான் வைத்தார். அதை ஜெகதாம்பாளிடம் சொல்லவே ஒரு வருஷம் ஆயிற்று.

பிறகு ஸ்டோரில் வேலை, அங்கிருந்து டெஸ்பாட்ச். தொண்ணூற்று மூன்றில் டெஸ்பாட்சுக்கு கம்ப்யூட்டர் வந்தபோது எல்லோரையும்விட முதலில் அதன்முன் உட்கார்ந்தவர் துலுக்கானம்தான். பேனாவைவிட அது அவருக்குச் சுளுவாக இருந்தது. தொட்டால் எழுத்து விழுகிறது, கையெழுத்து கோணவில்லை. ஒற்றை விரலாலேயே ஒரு நாளைக்கு ஐம்பது சலான் அடிப்பார்.

ஒரே ஒரு தொல்லை. கருப்புத் திரையில் ஓடிய அந்தப் பழைய டாஸ் புரோகிராமில், அடித்ததைச் சேமிக்க இரண்டு விசையை ஒருசேர அழுத்த வேண்டும். அச்சடிக்க வேறு இரண்டு. தப்பை அழிக்க வேறு இரண்டு. வலது உள்ளங்கையை வைத்தால் நாலு விசை சேர்ந்து அமுங்கும். ஆகவே மோவாயால் ஒன்றை அழுத்திக்கொண்டு விரலால் மற்றதைத் தட்டுவார். கழுத்து வலித்தால் ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த பெரிய நட்டு ஒன்றைத் தூக்கி விசையின் மேல் வைப்பார். அந்தக் காலத்தில் அவர் சொன்ன ஒரு பேச்சு இன்றும் கம்பெனியில் புழங்குகிறது: "அந்த பிரசுக்கு ரெண்டு பட்டன் இருந்திருந்தா என் கை இருந்திருக்கும். இதுக்கு ரெண்டு பட்டன் கீது, அதனால என் வேல போவப் போவுது."

வேலைக்கு வேட்டு வைத்தது அந்த மோவாய்தான். தொண்ணூற்றாறு ஆடி மாதத்தில் ஒருநாள், ஓசூருக்குப் போக வேண்டிய சலானில் ஐம்பத்தைந்து பெட்டி என்று அடித்துவிட்டுக் குனிந்தபோது மோவாய் வழுக்கி எண் விசையில் பட்டது. ஐநூற்று ஐம்பத்தைந்து என்று அச்சாகி, யாரும் கவனிக்காமல், லாரியோடு ஓசூர் போய்விட்டது. சரக்கும் சலானும் ஒத்துவரவில்லை என்று அங்கே கேட்டிலேயே லாரியைத் திருப்பிவிட்டார்கள். அந்த வருஷத்தில் அது மூன்றாவது தப்பு.

மேனேஜர் திருவேங்கடம் கத்தவில்லை. கூப்பிட்டு உட்காரச் சொல்லித்தான் பேசினார். அடுத்த மாதம் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மாற்றப் போகிறார்கள், விண்டோஸ் தொண்ணூற்றைந்து என்று புதுசாக வந்திருக்கிறது, சலான் புரோகிராமும் அதற்கேற்ற மாதிரி புதுசு, அதில் இன்னும் நிறைய விசை இருக்குமாம் என்றார். ஒரு வாரம் பார்ப்போம், முடியவில்லை என்றால் கேட்டுக்கே போய்விடலாம் என்றார். கடைசியில், "சம்பளத்துல ஒரு பைசா குறையாது துலுக்கானம். அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

அவர் நல்லதாகத்தான் சொன்னார். துலுக்கானத்துக்கு அந்த எட்டணா ஞாபகம் வந்தது.

ஆவணியில் நாகவல்லி என்ற பெண் வந்தார், கம்ப்யூட்டர் விற்ற கடையின் இன்ஜினீயர். ஒரு முழுப் பகலும் உட்கார்ந்து பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். கருப்புத் திரை போய், மயில் கழுத்துப் பச்சையில் ஒரு திரை வந்தது. மூலையில் மணி காட்டியது. மவுஸை உருட்டினால் அம்பு நகர்ந்தது. மவுஸை உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்ள முடிந்ததில் துலுக்கானத்துக்கு அரை உயிர் வந்தது. ஆனால் நாகவல்லி சலான் புரோகிராமைக் காட்டியபோது அந்த அரை உயிரும் போயிற்று. சேமிக்க கன்ட்ரோல் விசையோடு ஓர் எழுத்து. அச்சடிக்க கன்ட்ரோலோடு ஓர் எழுத்து. பார்ட் நம்பர் ஒவ்வொன்றிலும் ஷிப்ட்டோடு சேர்த்து அடிக்க வேண்டிய குறிகள்.

முதல் இரண்டு நாள் மோவாயால் ஓட்டப் பார்த்தார். புது கீபோர்டு உயரம் குறைவு, மோவாய் எட்டவில்லை. நட்டு நிற்கவில்லை, சரிந்து விழுந்தது. இரண்டு நாளில் பதினெட்டே சலான். மூன்றாம் நாள் காலையில் ஒரு சலானும் முடியாமல், என்ன செய்வதென்று தெரியாமல், நகத்தைக் கடிக்கிறவர்கள் நகத்தைக் கடிப்பதுபோல் ஷிப்ட்டைச் சும்மா தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் முதல்முறையாகப் படியேறியது. திரையின் நடுவில் ஒரு கட்டம் முளைத்தது, நிறைய இங்கிலீஷோடு.

உடைத்துவிட்டோம் என்றே நினைத்தார். அதைத் தொடாமல் எழுந்து போய் ரகுநாதனைக் கூட்டிவந்தார். ரகுநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கட்டத்தைப் படித்தார், பிறகு அதில் உதவி என்றிருந்ததைத் திறந்து அதையும் படித்தார்.

"இன்னா சார், போயிடுச்சா?"

"போகல. ரெண்டு விசைய ஒண்ணா அழுத்த முடியாதவங்களுக்காகன்னு போட்டிருக்கு. ஷிப்ட்டை ஒரு தட்டு தட்டி விட்டுட்டா போதுமாம். அடுத்த எழுத்தை நீங்க தட்டற வரைக்கும் அது பிடிச்சுக்கிட்டு இருக்குமாம்."

"இன்னொரு வாட்டி படி சார்."

ரகுநாதன் இன்னொரு முறை படித்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார். பின்பு சரி என்பதை அமுக்கிவிட்டு நகர்ந்து நின்றார். துலுக்கானம் ஷிப்ட்டை ஒரு தட்டு தட்டினார். விரலை எடுத்தார். எடுத்த விரலைக் கொஞ்ச நேரம் காற்றிலேயே வைத்திருந்தார். பிறகு கேள்விக்குறி இருந்த விசையைத் தட்டினார். திரையில் கேள்விக்குறி விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஒரு முழு வரிக்குக் கேள்விக்குறியாக அடித்துவிட்டு, கன்ட்ரோல், விரலை எடுத்து, சேமிக்கிற எழுத்து. சேமித்துக்கொண்டது. ரகுநாதன் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே போனவர், கால்மணி நேரம் திரும்பி வரவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு சலான். வாரக் கடைசியில் திருவேங்கடம் வந்து பின்னால் நின்றுகொண்டார். துலுக்கானம் திரும்பிப் பார்க்காமல் அடித்துக்கொண்டே இருந்தார். அன்றைய அறுபதாவது சலான் முடிந்து, ஒவ்வொன்றையும் சரக்கோடு ஒத்துப் பார்த்து, ஒன்றிலும் தப்பில்லை என்று தெரிந்ததும் திருவேங்கடம், கேட்டுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டில் ஜெகதாம்பாளுக்கு இதை விளங்க வைக்கத்தான் நேரம் பிடித்தது. கம்ப்யூட்டரை அவர் பார்த்ததில்லை. துலுக்கானம் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து, தரையில் விரலால் தட்டிக் காட்டிச் சொன்னார்: "நான் ஒண்ண அமுக்கிட்டு கைய எடுத்துடறேன். அடுத்தத அமுக்கற வரைக்கும் அது எனக்காவ காத்துகினு கீது ஜெகதா. ஊர்ல ஒருத்தன் காத்துகினு இருந்தானா நமக்காவ?" ஜெகதாம்பாள் யோசித்துப் பார்த்துவிட்டு, பொறுமையான மெசின்தான் என்றார்.

இவ்வளவில் அவர் திருப்திப்பட்டிருக்கலாம். ஆனால் அவர் மனசில் ஒரு கேள்வி தங்கிவிட்டது: இதை யோசித்தது யார்? நாகவல்லி மறுபடி வந்தபோது நன்றி சொன்னார். அந்தப் பெண், தான் எதுவும் செய்யவில்லை, அது அதற்குள்ளேயே வந்தது, அப்படி ஒன்று இருப்பதே தனக்குத் தெரியாது என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டார். ரகுநாதனைக் கேட்டால் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து செய்தது என்றார். துலுக்கானம் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆயிரம் பேரு செஞ்சிருக்கட்டும் சார். ரெண்ட ஒண்ணா அமுக்க வெரலு இல்லாதவன் இன்னா பண்ணுவான்னு மொதல்ல ஒருத்தருக்குத்தான தோணியிருக்கும்?"

அந்த ஒருத்தருக்கு இந்தத் தை மாதத்தில் கடிதம் எழுதினார். கம்ப்யூட்டரோடு வந்த சின்னப் புத்தகத்தின் பின்னட்டையில் விலாசம் இருந்தது. தமிழில் சொன்னார், ரகுநாதன் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார், அடித்தது மட்டும் துலுக்கானம். எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்கும் விசை ஒன்று இருக்கிறது. அதை அவர் தொடவில்லை. ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் ஷிப்ட்டைத் தட்டி, விட்டு, எழுத்தைத் தட்டினார். இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் அதற்கே போயிற்று. அன்புள்ள ஐயா என்று ரகுநாதன் தொடங்கியதில் 'அல்லது அம்மா' என்று சேர்க்கச் சொன்னார்; பொம்பளையாகக்கூட இருக்கலாம் இல்லையா என்றார். எனக்கு விரல் இல்லை, உங்களால் என் நாற்காலி என்னிடம் இருக்கிறது, என் மனைவியும் நன்றி சொல்லச் சொன்னாள், இங்கே மழை விட்டுவிட்டது. இவ்வளவுதான் கடிதம். மழை எதற்கு என்று ரகுநாதன் கேட்டதற்கு, கடிதம் என்றால் ஊர் நிலவரம் சொல்ல வேண்டாமா என்று கேட்டார்.

"பதில் வரும்னு நினைக்கிறீங்களா?" என்றார் ரகுநாதன்.

"பதிலுக்கா எழுதறேன்?"

கையெழுத்துப் போட்டு, மடித்து, விமானத் தபால் உறைக்குள் நுழைத்தார். ரகுநாதன் கோந்து தடவிக் கொடுத்து, ஒட்டவும் கை நீட்டினார். துலுக்கானம் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேசைமேல் படுக்க வைத்து, விரலில்லாத வலது உள்ளங்கையால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அழுத்தி அழுத்தித் தேய்த்து மூடினார்.