மூன்று வாக்கியம், மூன்று சொல்

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதியில், ஒரு ஜூலை மாதம் நடந்தது இது. இலங்கையின் மலைநாட்டு நகரம் ஒன்றின் மேல் நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நகரம் என்பது வேண்டாம். வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். நான் மட்டும் எப்படியோ படித்து, மூன்று மொழியும் பழகி, இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன். பதினோரு வருட சேவை. சிங்களத்தில் சாட்சி சொல்லி முடிக்கும் முன்பே என் வாயில் தமிழ் தயாராக இருக்கும். "இவர் இருந்தால் வழக்கு சீக்கிரம் முடியும்" என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வத்துக்கு விழுந்த அடியைத்தான் சொல்லப் போகிறேன்.

அது ஒரு கொலை வழக்கு. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் காவற்காரரை யாரோ வெட்டிக் கொன்றிருந்தார்கள். அதே தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு பிளக்கும் ஒரு தொழிலாளியைப் பிடித்திருந்தார்கள். முப்பது வயது இருக்கும். சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்பு காவற்காரரோடு அவர் வாய்ச்சண்டை போட்டிருக்கிறார். சம்பவத்தன்று சாயந்தரம் நன்றாகக் குடித்துவிட்டு விழுந்து கிடந்திருக்கிறார். என்ன நடந்தது என்று அவருக்கே நினைவில்லை. வெட்டிய கத்தி, விறகுக் கொட்டகையில் கிடந்த கத்தி. போதாதா? தோட்டம் முழுக்க அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வழக்குக் கோப்பை முதல் நாளே படித்திருந்த நானும் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அன்றைக்கு டி.என்.ஏ. பரிசோதனை செய்த நிபுணர் சாட்சி சொல்ல வந்திருந்தார். கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெண்மணி. நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இறம்பொடை மலைப்பாதை வளைவுகளில் வான் வண்டி சுற்றிய சுற்றில் இரண்டு முறை வாந்தி எடுத்ததாகச் சொன்னார். முகம் வெளிறிப் போயிருந்தது. எங்கள் ஊர்க் குளிருக்குப் போதாத ஒரு மெல்லிய சால்வையைப் போர்த்திக்கொண்டு சாட்சிக்கூட்டில் ஏறினார்.

அந்தக் காலத்தில் எங்கள் நீதிமன்றத்துக்கு டி.என்.ஏ. சாட்சி என்பது புதுசு. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரச சட்டத்தரணி கேள்வி கேட்டார். கத்தியின் அலகில் இருந்தது இறந்தவரின் இரத்தம் என்று அம்மையார் தெளிவாகச் சொன்னார். அடுத்து, கத்திப்பிடியில் என்ன இருந்தது என்று கேட்டார்.

அதற்கு அவர் சிங்களத்தில் மூன்று வாக்கியம் சொன்னார். பிடியில் ஒருவருடைய மரபணு மட்டும் இல்லை, குறைந்தது மூன்று பேருடையது கலந்திருக்கிறது. எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, அந்தக் கலவையிலிருந்து விலக்க முடியவில்லை. ஆனால் மாதிரி மிகக் குறைவு என்பதால் அவர் அதில் இருக்கிறார் என்று உறுதி சொல்லவும் முடியாது.

'விலக்க முடியவில்லை' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் தடுமாறினேன். தட்டெழுதுபவர் முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எதிரிக்கூட்டின் பக்கம் திரும்பி, "கத்தியில் இருப்பது உன்னுடையதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். கூட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் அவருடைய மனைவி "ஐயோ" என்று ஒரே ஒரு சத்தம் போட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தேநீர் இடைவேளை கொடுத்தார்.

இடைவேளையில் எதிரியின் சட்டத்தரணி என்னைக் கூப்பிட்டார். அரசு செலவில் நியமிக்கப்பட்ட இளம் வழக்கறிஞர், தமிழ் தெரியாது. எதிரி அவரிடம் ஏதோ சொல்லத் துடிக்கிறார் என்றார். நான் போய்க் கேட்டேன்.

"ஐயா, மெஷினே சொல்லிருச்சு. அப்ப நாந்தான் செஞ்சிருக்கேன்" என்றார் அவர். கண்ணில் தண்ணீர்கூட இல்லை. "எனக்கு ஒண்ணுமே நெனவில்லீங்க. இத்தன நாளு செய்யல செய்யலன்னு சொல்லிட்டேன். பெரிய படிப்பு படிச்ச அம்மா பொய் சொல்வாங்களா? ஒத்துக்கிறேன்னு சொல்லிருங்க."

ஒப்புக்கொள்கிறார் என்பதை மட்டும் நான் சிங்களத்தில் சட்டத்தரணியிடம் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். "நல்லதுதான். நீதிபதி வந்ததும் அறிவித்துவிடுகிறேன். மனதை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். ஒப்புக்கொண்டால் என்ன தண்டனை கிடைக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை. உண்மை வெளியே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வராந்தாவில் அந்த அம்மையார் சால்வையை இறுக்கிக்கொண்டு, கையில் பிளேன்டீக் கோப்பையோடு நின்றார். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"நான் இன்னும் சாட்சி சொல்லி முடிக்கவில்லை. வழக்கைப் பற்றி உங்களோடு பேசக் கூடாது" என்று சிங்களத்தில் தொடங்கினார். "ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் மூன்று வாக்கியம் சொன்னேன். உங்கள் தமிழ் மூன்று சொல்லோடு முடிந்துவிட்டது. தமிழ் அவ்வளவு சுருக்கமான மொழியா?"

நான் சிரித்தேன். "சுருக்கிச் சொல்வதுதானே மேடம் எங்கள் திறமை."

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பெண் ஏன் அழுதாள்? என் பதிலில் அழுவதற்கு ஒன்றும் இல்லையே. நீங்கள் தமிழில் சொன்னதை அப்படியே சிங்களத்தில் எனக்குத் திருப்பிச் சொல்ல முடியுமா?"

திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். 'கத்தியில் இருப்பது உன்னுடையதுதான்.' சிங்களத்தில் அந்த வாக்கியம் என் காதிலேயே விழுந்தபோதுதான், நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. எதிரி ஒப்புக்கொள்ளப் போகிறார் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் கோப்பையைச் சுவர்க்கட்டில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று மட்டும் சொன்னார். பிறகு, "தவறு உங்கள் இடத்தில் நடந்தது. நீதிபதியிடம் நீங்களே சொல்வதுதான் நல்லது. நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்" என்றார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மறுபடி நீதிமன்றம் கூடியது. இளம் சட்டத்தரணி எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். அவர் வாயைத் திறக்கும் முன் நான் கையைத் தூக்கினேன். பதினோரு வருடத்தில் ஒருநாளும் நான் நீதிபதியிடம் சொந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன், எதிரிக்கு நிபுணரின் பதில் போய்ச் சேரவில்லை என்று சொன்னேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அம்மையார் பக்கம் திரும்பி, "முதலிலிருந்து சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியமாக" என்றார்.

அடுத்து அந்த அம்மையார் பேசிய முறையை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. கூண்டில் நிற்பவருக்கும் பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு பேசினார். நீதிபதியின் அனுமதியோடு ஒரு தாளில் பெரிதாக ஐந்து எண்களை எழுதிக் காட்டினார். மரபணுவில் தாங்கள் பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மனிதருக்கு இரண்டு எண்களுக்கு மேல் இருக்காது, ஒன்று அப்பா கொடுத்தது, மற்றது அம்மா கொடுத்தது என்றார். கத்திப்பிடியில் ஓர் இடத்தில் ஐந்து எண்கள் கிடைத்தன. அப்படியானால் குறைந்தது மூன்று பேர். எந்த எண் யாருடையது என்று அந்தக் கலவை சொல்லாது.

"எதிரியின் எண்கள் இரண்டும் இந்த ஐந்துக்குள் இருக்கின்றன" என்றார். பிறகு, "என்னுடைய எண்கள் இரண்டும்கூட இந்த ஐந்துக்குள் இருக்கின்றன" என்றார்.

அரச சட்டத்தரணி துள்ளி எழுந்தார். "அப்படியானால் உங்களையும் சந்தேகிக்கலாம் என்கிறீர்களா?"

"இந்த ஓர் இடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆம். மற்ற இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் நான் விலகிவிடுவேன். அவர் விலகவில்லை. அதையும் நான் மறைக்க மாட்டேன். ஆனால் பல இடங்களில் எதுவும் தெளிவாக வரவில்லை. அவர் கத்தியைப் பிடித்தார் என்றும் சொல்ல மாட்டேன், பிடிக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். பிடித்திருந்தாலும் எந்த நாளில் பிடித்தார் என்று இந்தச் சோதனை சொல்லாது. விறகுக் கொட்டகையில் வேலை செய்பவர் விறகுக் கத்தியைப் பிடிப்பார்."

நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் இறக்கினேன். புத்தகத் தமிழில் இல்லை. எங்கள் அம்மா பேசிய தமிழில். "கத்திப்பிடியில கொறஞ்சது மூணு பேரோட அடையாளம் கலந்து கெடக்கு. அதுல நீங்களும் ஒரு ஆளா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவங்களால பிரிச்சுச் சொல்ல முடியலங்கிறாங்க."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நான் செஞ்சேன்னு அம்மா சொல்லலீங்களா?"

"சொல்லல."

"செய்யலன்னு?"

"அதையும் சொல்லல."

அவர் கொஞ்ச நேரம் அந்த அம்மையாரையே பார்த்தார். பிறகு தன் சட்டத்தரணியைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சாட்சி முடிந்து வெளியே வந்தபோது இன்னொன்றும் நடந்தது. இறந்துபோன காவற்காரரின் மனைவி வராந்தாவில் வழிமறித்தார். அவரும் எங்கள் ஆள்தான், பக்கத்துத் தோட்டம். "இந்தம்மாகிட்ட கேளுங்கய்யா. அவன் இல்லேன்னா அப்ப வேற யாரு? எம் புருசன வெட்டுனது யாருன்னு அந்த மெஷினு சொல்லாதா?" என்று அழுதார். நான் அம்மையாரிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது கூட்டிச் சொல்லலாமா என்றும் கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியவில்லை என்று அப்படியே சொல்லுங்கள். தெரிந்திருந்தால் முதலில் இவரிடம்தான் சொல்லியிருப்பேன் என்றும் சொல்லுங்கள்." சொல்லும்போது அவர் கண்ணும் நிறைந்திருந்தது. அந்தப் பெண் வெகுநேரம் கையை விடவில்லை.

வான் வரும்வரை கன்டீனில் உட்கார்ந்திருந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பருப்பு வடையைப் பிய்த்துக்கொண்டே, எல்லோருக்கும் நடப்பதுதான் என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தானும் ஒரு கலவை மாதிரியைப் பார்க்கும் முன்பே சந்தேக நபரின் எண்களைப் பார்த்துவிட்டாராம். பிறகு கலவையில் எங்கு பார்த்தாலும் அந்த ஆள்தான் தெரிந்தாராம். மங்கலாகக் கிடந்த கோடுகூட அவருடையதாகவே பட்டதாம். மேலதிகாரி அறிக்கையைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் புத்தி வந்தது என்றார். "அன்றிலிருந்து கலவையில் நான் காண்பதை முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகுதான் சந்தேக நபரின் எண்கள் உள்ள உறையைத் திறப்பேன். முடிவை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கண் அதைத்தான் காட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. 'விலக்க முடியவில்லை' என்பதற்குத் தமிழ் இல்லாமல் போகவில்லை. முதல் நாளே கோப்பைப் படித்து அந்த மனிதரைக் குற்றவாளியாக்கி வைத்திருந்தேன். அதனால் என் காதில் 'அவருடையது' என்பது மட்டும்தான் விழுந்தது. இதை அவரிடம் சொன்னேன். அவர் தட்டில் மிச்சமிருந்த வடையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வழக்கு இன்னும் சில மாதம் இழுத்தது. மற்றச் சாட்சிகளும் நிற்கவில்லை. கடைசியில் அவரை விடுதலை செய்தார்கள். தீர்ப்பை அவருக்கு நான்தான் தமிழில் சொன்னேன், ஒரு சொல்கூட விடாமல். காவற்காரரைக் கொன்றது யார் என்று எனக்குத் தெரிந்து இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அந்த விதவையை எப்போதாவது கடைவீதியில் பார்ப்பேன். தலையசைப்பார். நானும் தலையசைத்துவிட்டு நடப்பேன்.

அந்த அம்மையாரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கடைசி நாள்வரை எந்த வழக்குக் கோப்பையும் முன்கூட்டிப் படிக்க மறுத்துவிட்டேன். வேகம் குறைந்துவிட்டது என்று பின்னால் பேசினார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஓர் ஆளின் உயிர் தன் வாயில் தொங்கும்போது, தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதற்கு மேல் தெரியாது என்று சபை நடுவே தலை நிமிர்ந்து சொல்ல எவ்வளவு பெரிய அறிவும் எவ்வளவு பெரிய மனசும் வேண்டும் என்பதை, குளிருக்கு நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம்தான் நான் கண்டேன்.