திரையில் முகம் காட்டாத எங்கள் அண்ணன்

அண்ணனின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் அன்பான உறவினர்களே, நண்பர்களே! உங்களில் பாதிப் பேருக்கு அண்ணன் என்ன வேலை பார்த்தார் என்பதே சரியாகத் தெரியாது. உங்கள் மேல் குறையில்லை. எங்கள் வீட்டுக்கே அது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. தங்கை என்ற உரிமையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பாடாங் செராய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். தோட்டத்து மாதா கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அவர்தான். கோயிலில் சும்மா கிடந்த கிதாரை அண்ணனிடம் கொடுத்தவரும் அவரே. கொடுத்த பிறகு வருந்தினார். அப்பா நேராகப் பாடிக்கொண்டு போவார். அண்ணன் அந்தப் பாட்டுக்கு அடியில் ஏதேதோ சுரங்களைச் சேர்ப்பார். காலைப் பனி மரங்களுக்கு நடுவே இறங்குவதுபோல் அது மெல்லப் பரவும். பாடுகிறவர்கள் வழி தெரியாமல் நின்றுவிடுவார்கள்.

"நீ வாசிக்கிறியா, இல்ல எங்களக் காட்டுல வுட்டுட்டுப் போறியா?" என்பார் அப்பா.

எழுபதுகளின் நடுவில் அண்ணன் சுங்கைப் பட்டாணியில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் டிரம்ஸ் வாசிக்கும் ரஹிமும் கீபோர்டு வாசிக்கும் லிம்மும் நண்பர்களானார்கள். வெள்ளிக்கிழமைகளில், ரஹிம் தொழுகை முடித்து வந்ததும், மெர்போக்கில் ஆற்றோரம் இருந்த அவர் வீட்டில் மூவரும் கூடுவார்கள். சோறு கொண்டுபோகும் சாக்கில் நானும் போவேன். ஜாஸும் ராக்கும் கலந்த இந்த இசைக்கு ஃபியூஷன் என்று பெயர் என்பார் லிம். எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஆறு நகர்கிறதா, நிற்கிறதா என்று தெரியாது. அண்ணனின் விரல் ஒரே சுரத்தில் தங்கிவிடும். சோறு ஆறிப்போகும். அவர்களுக்குப் பசிக்காது, எனக்குப் பசிக்கும். ஆனாலும் அந்த மதியங்களைப் போல் நான் வேறெங்கும் மகிழ்ச்சியாக இருந்ததில்லை.

பிறகு கோலாலம்பூர் போனார். ஹோட்டல்களில் வாசித்தவருக்கு மலாய் டிவி நாடகம் ஒன்றுக்குப் பின்னணி இசை அமைக்கும் வாய்ப்பு வந்தது. மளிகைக் கடை போனுக்கு அப்பாவைக் கூப்பிட்டார்.

"அப்பா, வர்ற வாரம் டிவியில என்னோடது வருது. கட்டாயம் பாருங்க."

அப்பாவுக்கு அது போதும். "எம் மவன் டிவியில வரான்" என்று பூசை முடிந்ததும் எல்லாரிடமும் சொன்னார். தோட்டத்து ஹாலில் இருந்த ஒரே டிவிக்கு முன்னால் ஊரே கூடியது. அப்பா கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோட்டத்து ஆபீசின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்.

நாடகத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார். "இவரா?" என்றார்கள். மீன் விற்பவர் ஒருவர் வந்தார். "ஒட்டு மீச வச்சிருக்கானோ?" என்றார்கள். ஒரு பெண் படகுத்துறையில் தனியாக நின்றபோது கிதார் மெல்ல எழுந்தது. ஹால் அடங்கிப்போனது. பலர் கண்ணைத் துடைத்தார்கள். அப்பாவும் துடைத்தார், அண்ணனைத் தேடிக்கொண்டே. கதை முடிந்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். திரையில் பெயர்கள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓடின.

"என்னாய்யா, ஒம் மவன் வரவே இல்லியே லா!" என்று சிரித்தார் பெரிய கிராணி. அப்பாவின் முகம் செத்துப்போனது.

அடுத்த முறை வீட்டுக்கு வந்த அண்ணன், "நான் நடிக்கிறேன்னு சொல்லவே இல்லியேப்பா. அந்த மியூசிக்தாம்ப்பா நான்" என்றார்.

"மியூசிக்க யாருடா பாத்தா?" என்றார் அப்பா.

அதன்பின் அண்ணனின் நாடகம் வரும் போதெல்லாம் அப்பா கோயிலைக் கூட்டப் போய்விடுவார். எண்பதுகளில் அண்ணன் எத்தனையோ நாடகங்களுக்கும் சில சினிமாப் படங்களுக்கும் இசையமைத்தார். கோலாலம்பூரில் அவரை மரியாதையோடு கூப்பிட்டார்கள். அவரோ என்னிடம், "அப்பா ஒரு தடவ ஒக்காந்து கேட்டா போதும்மா" என்பார். அதைக் கேட்க எனக்குத் தாங்காது.

சிறுநீரகம் கெட்டு, கடைசி மாதங்களில் சுங்கைப் பட்டாணியில் என் வீட்டில் இருந்தார். கை நடுங்கியதால் கடைசி நாடகத்துக்கான இசையை அவர் முணுமுணுக்க, லிம் வாசித்துப் பதிவு செய்தார். அது ஒளிபரப்பாகும் முன்பே அண்ணன் கண்ணை மூடிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தம் காரையே எங்களிடம் கொடுத்துவிட்ட ரஹிம் அண்ணனுக்கும், கூடவே இருந்த லிம்முக்கும், நற்கருணை கொண்டுவந்த பாதருக்கும், துக்க வீட்டில் சமைத்துப் போட்ட தோட்டத்துப் பெண்களுக்கும், முதல் ஆளாக வந்து அழுத பெரிய கிராணிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தக் கடைசி நாடகம் என் வீட்டு டிவியில் வந்த மாலையைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. அப்பா வெளியே போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அவர் நாற்காலியை டிவிக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். கதை முடியும்வரை அசையவில்லை. பிறகு இசை நிற்காமலே பெயர்கள் ஓடின. அண்ணனின் பெயர் திரை நிறைய வந்தது.

"அப்பா, அண்ணன் பேரு! திரும்பிப் பாருங்கப்பா!" என்று கத்தினேன்.

அப்பா திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"சும்மா இரும்மா. அவன் இன்னும் வாசிச்சி முடிக்கல."