முகம் வைக்காத படம்

சித்திர ஆசிரியை ஆவதற்காக அட்டாளைச்சேனைக்குப் பயிற்சிக்குப் போய்வந்த காலம் அது. வியாழக்கிழமைகளில் ஒருவரின் படத்தைச் சுவரில் சாய்த்துவைப்போம். மற்றவர்கள் அதை விமர்சிக்க வேண்டும். எங்கள் விரிவுரையாளர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவா. "முதல்ல கண்டதச் சொல்லுங்க. நெனச்சதப் பொறகு பாப்பம்." கேட்க லேசாக இருக்கும். ஒரு மனிசரும் அதன்படி செய்ததில்லை.

என் முறை வந்தபோது உம்மாவின் படத்தைக் கொண்டுபோனேன். முக்காடு போட்ட ஒரு பெண் பீங்கானில் சோறு பிசைகிறா. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தாள்.

எங்கள் ஊர்களில், உயிருள்ளதை வரைவது மார்க்கத்தில் கூடாது என்று பேணுதலாக இருப்பவர்கள் முகத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள். "கண் மூக்கு வெக்காம உட்டது நல்லம். பேணுதலான புள்ள," என்றாள் பக்கத்தில் இருந்தவள். வரையாமல் விட்டதுதான் இந்தப் படத்தின் பலம் என்று விரிவுரையாளரும் சேர்ந்துகொண்டா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேணுதலுமில்ல, ஒரு மண்ணுமில்ல. எனக்கு உம்மாட முகம் ஞாபகமில்ல," என்றேன்.

சுனாமியில் எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்குள் கடல் வந்தபோது எனக்கு நாலு வயது. அடக்கம் செய்ய உம்மாவின் மையித்தும் கிடைக்கவில்லை, முகம் பார்க்கக் கலியாணப் பட அல்பமும் கிடைக்கவில்லை. பிறகு என்னை வளர்த்தது உம்மாவின் தங்கை, என் சாச்சி. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய கொஞ்ச நாளில் அவவும் நோய் வந்து மௌத்தாகிவிட்டா. உம்மா என்று எனக்கு மிச்சமிருந்தது ஒரு கை மட்டும்தான். சோறு ஊட்டிய கை, பெருவிரலடியில் சூட்டுத் தழும்பு. முகம் போனால் போகட்டும், கையாவது இருக்கிறதே என்று அதைப் பொத்திவைத்திருந்தேன். படத்தில் நான் நம்பி வரைந்ததும் அதை மட்டும்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து படத்தை வாப்பாவிடம் நீட்டினேன். அவர் உம்மாவைப் பற்றிக் கதைக்கிற ஆளில்லை. நானும் கேட்டதில்லை. அசர் தொழுதுவிட்டு வந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விரலை அந்தத் தழும்பில் வைத்தார்.

"சாச்சிய நல்லாக் கீறியிரிக்காய்."

"இது உம்மா, வாப்பா."

"இல்ல மகள். இந்தச் சூடு சாச்சிக்குத்தான். உம்மா மௌத்தானதுக்குப் பொறகு ரொட்டிச் சட்டி பட்டது."

இத்தனை வருசமாக உம்மா என்று நான் வைத்திருந்ததில் உம்மா இல்லவே இல்லை.

"அப்ப உம்மாட கை எப்பிடி இரிக்கும்?"

வாப்பா கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் மறந்து பெய்த்து மகள்," என்றார்.